மூன்று லேன், ஏழு விநாடி

இங்கிலாந்தில் லெஸ்டரிலிருந்து மில்டன் கீன்ஸுக்கு எம்1 என்ற மோட்டர்வேயில், அதாவது அதிவேக நெடுஞ்சாலையில், தினமும் போய் வருகிறேன். பத்து வருடம் ஆகப் போகிறது. ஒரே சாலையில் அத்தனை நாள் ஓட்டினால் சில இடங்கள் தெரு முனை போலப் பழகிவிடும். ஒரு மேம்பாலத்தைத் தாண்டியதும் சாலை லேசாக வளையும் இடம் ஒன்று அப்படி. அங்கே நடுவில் இருந்த இரும்புத் தடுப்பு ஒரே குளிர்காலத்தில் மூன்று முறை நசுங்கியது. காலையில் போகும்போது தடுப்பு உள்பக்கமாக வளைந்து, இரண்டு மூன்று கால்கள் சாய்ந்து, புல்லில் கண்ணாடித் தூள் மின்னும். மறுநாள் வலது லேனை அடைத்து ஆரஞ்சு கோன்கள் வந்துவிடும், கூடவே மணிக்கு 50 மைல் வேகம் என்ற பலகை. சில நாள் கழித்து ஒரு ராத்திரியில் வேலை முடிந்திருக்கும். பழைய இரும்பு மங்கிய சாம்பல் நிறம், மாற்றிய துண்டு மட்டும் பளபளவென்று இருக்கும். பழைய வேட்டியில் புதுத் துணி ஒட்டுப் போட்டது மாதிரி. மூன்றாவது ஒட்டுப் போட்ட பிறகு அந்த இடத்தை நெருங்கும்போதெல்லாம் என் கண் தானாக அங்கே போக ஆரம்பித்தது.

அதற்கு அடுத்த வருடம் அந்தப் பகுதி முழுக்க இரும்பைப் பிடுங்கிவிட்டு கான்கிரீட் சுவர் கட்டப் போவதாக அறிவிப்புப் பலகை வைத்தார்கள். வேலை இரண்டு ஆண்டு நடக்கும் என்று போட்டிருந்தது. லேன்களைக் குறுக்கினார்கள், ஓரத்து அவசரத் தடம் போனது, மஞ்சள் கம்பங்களில் சராசரி வேகக் கேமரா வந்தது, ‘இலவச மீட்பு, காத்திருக்கவும்’ என்ற பலகைகள் வந்தன. எனக்குக் கோபம் வந்தது. சாதாரண எரிச்சல் என்றால் வீட்டு வாசலோடு போய்விடும். இது சாப்பிடும்போதும் கூட இருந்தது. நான் கணக்குப் பார்க்கும் வேலையில் இருப்பவன். எதையும் ஒரு கட்டத்துக்குள் எழுதிப் பார்த்தால்தான் மனது ஆறும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன்.

பத்து மைல் தூரத்தை வழக்கமான வேக வரம்பான 70-ல் போனால் எட்டரை நிமிடம். 50-ல் போனால் 12 நிமிடம். ஆளுக்கு ஏறத்தாழ மூன்றரை நிமிடம் நஷ்டம். எம்1-ல் பல பகுதிகளில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் வாகனங்களுக்கு மேல் போகின்றன. பெருக்கினால் நாளொன்றுக்கு 5,700 மணி நேரம் வருகிறது. எல்லோரும் 70-ல் போவதில்லை என்பது தெரியும். லாரிகள் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியால் 56-க்கு மேல் போகாது, காலை நெரிசலில் யாருமே 70-ஐத் தொட மாட்டார்கள். பாதியாகக் குறைத்தாலும் 2,800 மணி நேரம். இரண்டு வருடத்துக்கு 20 லட்சம் மணி நேரம். ஒரு தடுப்புக்கு இவ்வளவா? இதுதான் என் கேள்வி. பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டேன்.

நாணல் என்று நம்பினேன்

காசும் நேரமும் ஒரு பக்கம் இருக்கட்டும், இரும்புதான் நல்லது என்று எனக்கு ஒரு எண்ணமும் இருந்தது. வெள்ளத்தில் மரம் சாயும், நாணல் பிழைக்கும் என்று சின்ன வயதில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இரும்பு வளைந்து கொடுக்கிறது, மோதுகிறவரின் வேகத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. கான்கிரீட் சுவர் அப்படியே நிற்கும், அடி முழுக்க உள்ளே இருக்கும் மனிதருக்குத்தான். இது வெறும் உணர்ச்சி இல்லை, இதில் உண்மை இருக்கிறது. ஐரோப்பியத் தர விதி இ.என். 1317-ல் தடுப்பைச் சோதிக்கும்போது, மோதுகிற காருக்குள் இருப்பவர் எவ்வளவு கடுமையான அடியை வாங்குகிறார் என்பதையும் ஏ, பி, சி என்று தரம் பிரிக்கிறார்கள். வளையும் இரும்புத் தடுப்புகள் பெரும்பாலும் ஏ. கான்கிரீட் பெரும்பாலும் பி. அதாவது மிதமான ஒரு மோதலில், கார் ஓட்டுபவருக்கு இரும்பு கொஞ்சம் மென்மையானதுதான்.

1959 நவம்பர் 2-ஆம் தேதி எம்1-ன் முதல் நீண்ட பகுதி திறந்தபோது நடுவில் தடுப்பே கிடையாது, வெறும் புல்தான். வேக வரம்பும் கிடையாது. கட்டுப்பாடு இழந்த கார் புல்லைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நேருக்கு நேர் மோதுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் 1970-களின் தொடக்கத்திலிருந்து நடுவில் இரும்பு ஓடத் தொடங்கியது. அந்த இரும்பு எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அதைப் பிடுங்கிப் போடுவது எனக்கு நன்றி கெட்ட செயலாகக்கூடப் பட்டது.

பிறகுதான் அண்ணனைப் பார்த்தேன்.

கார் நிறுத்தத்தில் ஒரு மடக்கு நாற்காலி

எங்கள் ஊரில் தெரிந்தவர் வீட்டுக் குழந்தைக்கு முதல் பிறந்த நாள். மண்டபத்துக்கு வெளியே கார் நிறுத்தும் இடத்தில் காற்று வாங்க நின்றிருந்தோம். நான் அண்ணன் என்று கூப்பிடும் அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மோட்டர்வேயில் லேன் அடைக்கும் வேலையில் இருப்பவர். கோன் வைப்பது, பலகை வைப்பது, திரும்ப எடுப்பது, அதுவும் எப்போதும் ராத்திரியில். பதினைந்து வருடத்துக்கு மேல் அதே வேலை. அவரைப் பல முறை பார்த்திருக்கிறேன், வேலையைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்கு என் கோபத்தை அவரிடம் கொட்டினேன்.

“அண்ணா, நல்லா இருந்த இரும்பைப் பிடுங்கிட்டு சுவர் கட்டுறாங்க. ரெண்டு வருஷம் எல்லாரும் அம்பதுல ஊர்ந்து போகணும். இது நியாயமா சொல்லுங்க.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அந்த வளைவோ தம்பி? எனக்குத் தெரியும். ஒருக்கா நானும் அங்க நிண்டனான்” என்றார். பிறகு, “நீங்கள் கார் கண்ணாடிக்குள்ளால பாக்கிறியள். கம்பி மாத்திறது ரெண்டு மூண்டு மணித்தியால வேலை. அதுக்கு முன்னம் அடைக்கிறதும் பின்னம் திறக்கிறதும்தான் இரவு முழுக்க” என்றார்.

எனக்கு அது புரிந்த மாதிரி இருந்தது, ஆனால் புரியவில்லை. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். சுவரில் சாய்த்து வைத்திருந்த மண்டபத்து மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். “நடுவில வேலை எண்டா ரெண்டு பக்கமும் போர்ட் வைக்கோணும். இடப்பக்கம் வைக்கிறது சுகம், ஓரத்தில வானை நிப்பாட்டிப்போட்டு வைக்கலாம். நடுவில வைக்கிறதுக்கு ஆர் போறது?” என்று கேட்டுவிட்டு, கார் நிறுத்தக் கோடுகளைக் காட்டினார். ஒரு கட்டம் எட்டு அடி அகலம். நாலரைக் கட்டம் போனால் மூன்று லேன். அந்த அளவு அவருக்கு மனப்பாடமாக இருந்தது. “இது லோறி ஓடுற லேன். இது நடு லேன். இது வேகமா வாறவையின்ர லேன். எண்ணுங்கோ” என்றார்.

நான் எண்ணினேன். அவர் நாற்காலியோடு, ஓடாமல், வேகமான நடையில் கோடுகளைத் தாண்டினார். ஓடக் கூடாதாம், தடுக்கி விழுந்தால் எழுந்திருக்க நேரம் இருக்காது. தலை மட்டும் வலப்பக்கம் திரும்பியே இருந்தது. அந்தப் பக்கம் யாரோ நிறுத்தியிருந்த வெள்ளைக் கார் ஒன்றுதான் நின்றது, ஆனாலும் அவர் கண்ணை எடுக்கவில்லை. ஏழு எண்ணியபோது மறுபக்கம் போய்ச் சேர்ந்தார். நாற்காலியைக் கீழே வைத்து, அது காற்றில் சாயாமல் இருக்க மணல் மூட்டை வைப்பது போல ஒரு முறை குனிந்து நிமிர்ந்தார். “இனித் திரும்பி வரோணும்” என்றார்.

நான் அங்கேயே மனதுக்குள் கணக்குப் போட்டேன். பழக்க தோஷம். 70 மைல் வேகம் என்றால் விநாடிக்கு 31 மீட்டர். ஏழு விநாடியில் ஒரு கார் 220 மீட்டர் வந்துவிடும். ராத்திரியில் 220 மீட்டர் தள்ளி வருகிற விளக்கு எந்த லேனில் வருகிறது என்று யாரால் சொல்ல முடியும்? “மழை பெய்தால்?” என்று கேட்டேன். “மழையிலதான் தம்பி கம்பி அடிபடுறது” என்றார்.

இதையும் சொல்லிவிட வேண்டும். இப்போது அப்படிக் கால்நடையாகக் கடப்பதை ஒழிக்க நிறைய மாற்றியிருக்கிறார்கள். பல வேலைகளுக்கு இடப்பக்கம் மட்டும் பலகை வைத்தால் போதும் என்று ஆக்கியிருக்கிறார்கள். தலைக்கு மேலே மின்பலகைகளில் சிவப்புப் பெருக்கல் குறி காட்டி லேனை மூடுகிறார்கள். வேலை செய்பவர்களுக்குப் பின்னால் மோதலைத் தாங்கும் மெத்தை பொருத்திய லாரி நிற்கிறது. அண்ணனே சொன்னார், “இப்ப கடக்கிறது குறைவு.” ஆனால் கோன் வைப்பது பெரும்பாலும் இன்றும் கையால்தான். ஒரு கோன் ஒரு மீட்டர் உயரம், சுமார் பத்துக் கிலோ. மூன்று நான்கு கிலோமீட்டர் அடைக்க 300 கோன் வரை வேண்டும். நகரும் லாரியின் பின்புறத்தில் நின்று ஒன்றொன்றாக இறக்க வேண்டும், விடியும் முன் ஒன்றொன்றாக எடுத்துவிட வேண்டும். பக்கத்து லேனில் சாலை ஓடிக்கொண்டே இருக்கும். சிவப்புக் குறியை மதிக்காமல் அடைத்த லேனுக்குள் வருகிறவர்கள் உண்டு. அதை அண்ணன் சாதாரணமாகத்தான் சொன்னார், தினமும் வருகிற பேருந்தைப் பற்றிச் சொல்வது போல.

மண்டபத்துக்குள் கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். அவர் நாற்காலியை எடுத்த இடத்திலேயே சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

நசுங்குவதுதான் அதன் வேலை

அந்த ராத்திரிக்குப் பிறகு நான் இரும்பைப் பார்த்த பார்வையே மாறியது. இரும்புத் தடுப்பு எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படித்தேன். கார் மோதும்போது கால்கள் மடங்க வேண்டும், கிடைமட்டப் பட்டை அவற்றிலிருந்து விடுபட்டு நாடா போல இழுபட்டு நின்று காரைத் தாங்க வேண்டும். அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். அதாவது நசுங்குவதுதான் அதன் வேலை. நசுங்கிய பிறகு அந்த இடத்தில் தடுப்பு இருந்தும் இல்லாத மாதிரிதான். அடுத்து அதே இடத்தில் வருகிறவருக்கு எதுவும் மிச்சமில்லை. அதனால் ஒவ்வொரு மோதலுக்கும் பழுது பார்த்தே ஆக வேண்டும், உடனே பார்க்க வேண்டும். வெள்ளம் வடிந்தால் நாணல் தானே நிமிர்ந்துவிடும். இரும்பு நிமிராது, அதை ஒருவர் வந்து நிமிர்த்த வேண்டும். என் உவமையில் இருந்த ஓட்டை அதுதான். எனக்கு மெத்தென்று இருந்த மென்மையை, யாரோ ஒருவர் மூன்று லேன் தாண்டி வந்து திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்.

இங்கிலாந்தில் 2005-ல் அப்போதைய நெடுஞ்சாலை முகமை இதைத்தான் கொள்கையாக மாற்றியது. நாளொன்றுக்கு 25,000 வாகனங்களுக்கு மேல் போகும் மோட்டர்வேக்களில் நடுத் தடுப்பு புதிதாகப் போடும்போதும் மாற்றும்போதும் கான்கிரீட் போட வேண்டும் என்றது. மோட்டர்வே என்று சொல்லத் தக்க சாலைகளில் பெரும்பாலானவை இந்த அளவைத் தாண்டியவைதான். இருக்கிற இரும்பை எல்லாம் ஒரே நாளில் பிடுங்கச் சொல்லவில்லை, அதன் ஆயுள் முடிய முடிய மாற்றச் சொன்னது. இரும்புக்கு இருபது, இருபத்தைந்து ஆண்டு. கான்கிரீட்டை 50 ஆண்டு நிற்கும் என்று கட்டுகிறார்கள்.

தாங்கும் திறனிலும் வித்தியாசம் இருக்கிறது. நடுவில் வழக்கமாக இருந்த இரும்பு, ஒன்றரை டன் காரை மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில், 20 பாகைக் கோணத்தில் மோதவிட்டுச் சோதித்தது. இப்போது கட்டுகிற, அடியில் படி வைத்த கான்கிரீட் சுவர் 13 டன் பேருந்தை 70 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. இந்த நாட்டுச் சாலைகளில் 44 டன் வரை லாரி ஓடுகிறது. ஆகவே எந்த லாரியையும் எந்தக் கோணத்திலும் அது நிறுத்திவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு லாரி சாய்வாக உரசும்போது இரும்பு கிழிந்துபோகும் இடத்தில் சுவர் நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. லாரி எதிர்ப்பக்கம் வந்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் பக்கத்தில் தினமும் ஓட்டுகிறவன் என்ற முறையில் நான் நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

என் கட்டத்தில் இல்லாத வரி

திரும்பவும் அந்தக் கணக்கைத் திறந்தேன். என் 2,800 மணி நேரம் பொய்யில்லை, அது அப்படியே நிற்கட்டும். இந்த நாட்டு அரசும் அதைப் பொருட்படுத்தாமல் இல்லை. சாலைப் பணிகளால் வரும் வரிசையையும் தாமதத்தையும் பவுண்டாக மாற்றிச் சொல்லும் குவாட்ரோ என்ற கணினி நிரலை இங்கே நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். நான் செய்த தவறு வேறு இடத்தில். கான்கிரீட்டுக்கு இரண்டு வருட வேலையை எழுதிய நான், இரும்புக்கு எதிரே பூஜ்யம் போட்டிருந்தேன். இரும்பையும் இருபத்தைந்து வருடத்தில் ஒரு முறை முழுக்க மாற்ற வேண்டும், அதற்கும் கோன் வேண்டும். நடுவில் எத்தனை ஒட்டு? அந்த வளைவில் மட்டும் ஒரு குளிர்காலத்தில் மூன்று. இரும்புத் துண்டின் விலை சொற்பம். லேனை அடைக்கும் லாரி, ஆட்கள், இரவுக் கூலி, வரிசையில் நிற்பவர்களின் நேரம், இதில்தான் காசு போகிறது. மோதியவர் யாரென்று தெரிந்தால் பழுதுச் செலவு அவருடைய காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும். தெரியாவிட்டால் நம் எல்லோர் தலையிலும். எப்படிப் பார்த்தாலும் கடைசியில் நம் பிரீமியத்திலோ வரியிலோதான் வந்து நிற்கும்.

இன்னொன்று என் தொழில் சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். இங்கே அரசுத் திட்டங்களை மதிப்பிடும் கருவூல விதியில், வருங்காலச் செலவை ஆண்டுக்கு 3.5 சதவீதம் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவார்கள். அதன்படி 25 ஆண்டு கழித்துச் செலவாகும் 100 பவுண்டு, இன்றைய கணக்கில் 42 பவுண்டுதான். இரும்பு மலிவாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். அதன் பெரிய செலவு தூரத்தில் இருப்பதால் சுருங்கிவிடுகிறது, கான்கிரீட்டின் செலவோ முழுக்க இன்றைக்கே வந்துவிடுகிறது. ஆனால் பழுது வேலை தூரத்தில் இல்லை. அது இந்த வருடமும் வருகிறது, அடுத்த வருடமும் வருகிறது, சுருங்க நேரமே இல்லாமல். பழுதை மட்டும் ஒழுங்காக எழுதினாலே, கூட்டம் மிகுந்த சாலையில் கான்கிரீட் பக்கம் தராசு சாய்ந்துவிடுகிறது.

அண்ணனின் ஏழு விநாடியை எந்த வரியில் எழுதுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. விபத்தில் ஒரு உயிர் போவதைத் தடுத்தால் அதன் மதிப்பு இவ்வளவு என்று போக்குவரத்துத் துறை வைத்திருக்கிறது, 20 லட்சம் பவுண்டுக்கு மேல். ஆனால் பதினைந்து வருடம் தலையை வலப்பக்கம் திருப்பியே நடந்தவர், உயிரோடு வீடு திரும்பிய எல்லா ராத்திரிகளுக்கும் அந்தக் கணக்கில் பூஜ்யம். அந்த ராத்திரிகளை இல்லாமல் ஆக்குவதுதான் அந்தச் சுவர் செய்கிற பெரிய வேலை என்று நான் நினைக்கிறேன்.

முறுக்கு அச்சு

வேலை நடந்துகொண்டிருந்தபோது, ஓர் இரவு அலுவலகத்திலிருந்து தாமதமாகத் திரும்பினேன். வரிசை ஊர்ந்தது. அப்போதுதான் சுவர் பிறப்பதை முதன்முறையாகப் பக்கத்தில் பார்த்தேன். சங்கிலிச் சக்கரத்தில் நகரும் ஒரு இயந்திரம். முன்னால் ஒரு கலவை லாரி அதன் வாயில் கான்கிரீட்டைக் கொட்டிக்கொண்டே போகிறது. நீளநீளமான இரும்பு வடங்கள் தரையில் கிடந்து, இயந்திரத்துக்குள் நுழைகின்றன. பின்னால் முறுக்கு அச்சிலிருந்து மாவு வருவது போல சுவர் வருகிறது. அச்சுப் பலகை எதுவும் கிடையாது. ஈரம் மின்ன, இடுப்பளவு உயரத்துக்கு, சரியாமல், தன் காலில் நிற்கிறது. அவ்வளவு இறுகலான கலவை. அதன் அடியில் அகலமான படி, மேலே போகப் போக ஒடுங்கும் உடல். சாய்வாக வந்து உரசும் காரின் டயரை அந்தப் படி பிடித்துத் திருப்பிவிடும், கார் மேலே ஏறிக் கவிழாமல் இருக்கத்தான் அந்த வடிவம். இரண்டு பேர் கரண்டியோடு அதன் கூடவே நடந்து, குழந்தையின் முதுகைத் தடவுவது போல அதைத் தடவிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒருவர் சீக்கிரம் காயாமல் இருக்க ஏதோ தெளித்துக்கொண்டு வந்தார்.

நான் ஊர்ந்த வேகத்துக்கும் அது நகர்ந்த வேகத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அன்றைக்கே ஒன்று உறைத்தது. சுவர் கட்ட இரண்டு வருடம் ஆகவில்லை. ஒரே நாளில் அது பல நூறு மீட்டர் ஓடிவிடுகிறது. நடுவில் இருந்த புல்லை எடுத்துத் தளம் போடுவது, மழைநீர் வடிகாலை மாற்றுவது, கேபிள்களை நகர்த்துவது, விளக்குக் கம்பங்களைப் பிடுங்கி நடுவது, இதற்குத்தான் மாதக்கணக்கு. என் கோபத்தில் நியாயமான பகுதி ஒன்று உண்டு என்றால் அது இதுதான். யாருமே நிற்காத மைல்களைச் சேர்த்து அடைத்து வைத்திருப்பதும், வேலை நடக்காத வார இறுதியிலும் 50 போட்டிருப்பதும் இன்றும் எனக்குச் சரியாகப் படவில்லை. 2020-ல் பாதுகாப்பான இடங்களில் பணிப் பகுதிக்குள்ளும் 60 வரை அனுமதிக்கலாம் என்று மாற்றினார்கள். அது நல்ல காரியம், இன்னும் நிறைய இடங்களில் செய்யலாம்.

சுவருக்கு எதிரான நல்ல வாதங்களை நான் மறக்கவில்லை. சிமென்ட் உற்பத்தி வெளிவிடும் கரிமத்தை யாரும் மறைக்க முடியாது, பழைய இரும்பையோ உருக்கித் திரும்பவும் இரும்பாக்கலாம். பெரிய விபத்தில் சாலை அடைபட்டால், இரும்பைக் கழற்றி வரிசையை எதிர்ப்பக்கம் திருப்பிவிட முடியும். சுவரில் அதற்கென விட்ட இடங்களில்தான் முடியும். உரசிய கார் திரும்ப லேனுக்குள் வந்து இன்னொருவர் மேல் மோதலாம். இன்னொரு பக்கம், மோட்டார் சைக்கிளில் போய் விழுந்து சறுக்குகிறவருக்கு இரும்பின் கால்கள்தான் எமன். சுவரில் கால் கிடையாது. அதனால் எல்லா இடத்துக்கும் சுவர் என்று நான் சொல்ல மாட்டேன். அகலமான நடுப்பகுதி இருந்து, வண்டிகளும் குறைவாக இருந்தால், வளைகிற தடுப்புக்கு அங்கே இடம் இருக்கிறது. எம்62-ல் பென்னைன் மலை மேல் ஸ்டாட் ஹால் பண்ணையைச் சுற்றி இரண்டு பக்கச் சாலையும் பிரிந்து போகும். நடுவில் ஒரு வீடும் ஆடுகளும். இப்படி இடைவெளி கிடைத்தால் அதைவிடச் சிறந்த தடுப்பு எது? ஆனால் எம்1-ல் அந்த அகலம் யாருக்கும் கிடைக்கப் போவதில்லை.

வேலை முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் அந்த வளைவைத் தாண்டும்போது இன்றும் கண் அங்கேதான் போகிறது. சுவரில் கறுப்பாக டயர் உரசிய தடங்கள் இருக்கின்றன. முதலில் ஒன்று, பிறகு அதற்குக் கொஞ்சம் தள்ளி நீளமாக ஒன்று. போன மாதம் மழைக்கு மறுநாள் மூன்றாவதாக ஒன்று வந்திருந்தது. தரையில் ஒரு விளக்கின் உடைந்த துண்டு கிடந்தது. கோன் இல்லை, பலகை இல்லை, மூன்று லேனும் ஓடிக்கொண்டிருந்தது. அலுவலகம் போய் வண்டியை நிறுத்தியதும் அண்ணனுக்கு ஒரு செய்தி போட்டேன், அந்த வளைவில் ராத்திரி யாரோ உரசியிருக்கிறார்கள் என்று.

மத்தியானம் பதில் வந்தது. ராத்திரி வேலை செய்கிறவர்கள் எழும் நேரம்.

“அப்பிடியோ. எங்களுக்கு ஒருத்தரும் போன் எடுக்கேல்லைத் தம்பி.”